நரம்பு நோக் குளிசையை வருடக்கணக்கில் போடுவதா? வன்னியில் உள்ளவர்கள் கணக்குப் பார்க்கும் வழி

சீனி வருத்தத்தால் வரும் பாத எரிவு, எறிகணைச் செல் துண்டு கிழித்த நரம்பில் திடீர் திடீரென்று வெட்டும் நோ, இல்லாத காலின் விரல் முறுகுவது, அக்கி ஆறிய இடத்தில் சட்டை பட்டாலே சுடுவது எல்லாமே நரம்பு நோதான். இவற்றுக்குப் பனடோல் பெரிதாகக் கேட்காது. வலிப்புக்கும் (கபாபென்ரின், பிரிகபலின்) மனச்சோர்வுக்கும் (அமிற்றிப்டிலின், டுலோக்செற்றின்) கொடுக்கும் மருந்துகள்தான் இதற்கும் எழுதப்படுகின்றன. முதல் மூன்று மாதம் யாரும் யோசிப்பதில்லை. ஐந்தாவது வருடமும் அதே மருந்துத் துண்டுக்கு அதே குளிசையை வாங்கும்போதுதான் பயம் வருகிறது: "இது கிட்னியைப் பழுதாக்குமோ?"

கேள்வி நியாயமானது, ஆனால் பாதிக் கேள்வி. அந்தக் குளிசையால் எவ்வளவு சுகம் கிடைத்தது என்பது கிளினிக் கொப்பியில் எங்கும் எழுதியிருக்காது. அது தெரியாமல் தீமையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், ஒன்றில் நல்ல மருந்தைப் பயத்தில் விடுவீர்கள், அல்லது ஒன்றும் செய்யாத மருந்தை ஆயுள் முழுக்க விழுங்குவீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

முதலில் சுகத்தை அளந்து பாருங்கள்

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து நிரல் கீறுங்கள். திகதி, குளிசையின் பெயரும் மில்லிகிராமும், நோ பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, இரவில் நோவால் எத்தனை தரம் எழும்பியது, கடைசி நிரலில் உங்களுக்கு முக்கியமான ஒரு வேலை. அந்த வேலை தெளிவாக இருக்க வேண்டும். "பொய்க்கால் போட்டுக் குளக்கட்டு வரை நடந்தேன்", "கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்த்தேன்", "போர்வை பாதத்தில் பட்டும் நித்திரை கொண்டேன்" என்பது போல. மருந்து தொடங்க முன் ஒரு கிழமை எழுதுங்கள், பிறகு கிழமைக்கு ஒரு நாள் போதும். ஏற்கெனவே போடுகிறவர் இன்றைக்கே தொடங்கலாம்.

நோ 30 சதவீதம் குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய குறைவு என்றுதான் ஆய்வுகள் வைத்திருக்கின்றன. எட்டாக இருந்தது ஐந்தரைக்கு வந்தால் மருந்து வேலை செய்கிறது. எட்டு ஏழானால் இல்லை. முழுதாக நோ போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2015இல் லான்செற் நியூரோலஜி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, மருந்தில்லாத வெற்றுக் குளிசையாலும் வந்திருக்கக்கூடிய சுகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அமிற்றிப்டிலின் வகையில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கும், டுலோக்செற்றின் வகையில் ஆறேழு பேரில் ஒருவருக்கும், கபாபென்ரின், பிரிகபலினில் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும்தான் நோ பாதியாகக் குறைகிறது. ஆகவே ஒரு மருந்து கேட்காமல் போவது சாதாரண விசயம். அதை டொக்டரிடம் சொல்லாமல் தொடர்ந்து போடுவதில்தான் பிழை.

எத்தனை நாள் பார்ப்பது? அமிற்றிப்டிலினுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை, அதில் கடைசி இரண்டு கிழமையாவது உங்களுக்குத் தாங்கக்கூடிய உச்ச அளவில். பிரிகபலினுக்கு நாலு கிழமை. கபாபென்ரினை மெல்ல மெல்லக் கூட்டி, உச்ச அளவில் இரண்டு கிழமை. மூன்று நாள் போட்டுவிட்டு "கேக்கேல்ல" என்று எறிவதும், பத்து மில்லிகிராமிலேயே இரண்டு வருடம் நிற்பதும் அந்த மருந்தைச் சரியாகச் சோதித்துப் பார்த்ததாகாது.

அளவைக் கூட்ட முன் இன்னொன்று பாருங்கள். வெட்டிய காலின் நுனியில் ஒரே இடத்தை விரலால் அமத்தும்போது மட்டும் துடிக்கிறதா? அங்கே நரம்பு முடிச்சு இருக்கலாம், அல்லது பொய்க்காலின் கிண்ணம் அந்த இடத்தில் அமத்தலாம். நிறை கூடினாலும் குறைந்தாலும் கிண்ணம் பொருந்தாமல் போகும். அதற்குக் குளிசையைக் கூட்டி வேலையில்லை. பொய்க்கால் செய்து தந்த இடத்தில் கிண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்ட வேண்டும். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் நாலைந்து வருடமாகப் போடுபவருக்கு விற்றமின் பி12 குறைந்தும் பாதம் விறைக்கும். அந்த இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்வியுங்கள்.

சிறுநீரகத்தின் கணக்கு

ஊரில் பயம் தலைகீழாக இருக்கிறது. கபாபென்ரினும் பிரிகபலினும் சிறுநீரகத்தைத் தின்னும் மருந்துகள் அல்ல. அவை மாற்றமடையாமல் சிறுநீரோடு வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதானால் மருந்து வெளியேறாமல் உடம்பில் தேங்கும், ஆபத்து அங்கேதான். தேங்கினால் பகலில் தூங்கி விழுவது, வெறி போட்டவர் போலத் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, கை தானாகத் துள்ளி கோப்பையைத் தவறவிடுவது எல்லாம் வரும். வீட்டார் பாரிசவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்படித் திடீரென்று வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் சரி, ஆனால் குளிசைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மறுபக்கத்தில், யாரும் பயப்படாமல் போடும் நோக்குளிசையான டைகுளோபெனக்தான் சிறுநீரகத்தை உண்மையிலேயே கெடுக்கக்கூடியது. நரம்பு நோவுக்கு அதனால் பெரிய பலனும் இல்லை. வவுனியாவின் சில கிராமங்களிலும் வெலிஓயாப் பக்கத்திலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. சீனியும் பிறசரும் இல்லாதவரையும் அது சத்தமில்லாமல் பிடிக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் கிறியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் இந்த மருந்துகளில் எதையும் தொடங்கக் கூடாது.

கிறியற்றினின் தாளை வாங்கி "கொஞ்சம்தான் கூட" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அந்த எண் வயதோடும் நிறையோடும் சேர்ந்தால்தான் பேசும். கணக்கு இது: 140இலிருந்து வயதைக் கழித்து, கிலோ நிறையால் பெருக்கி, வருவதை 72 தர கிறியற்றினின் என்ற பெருக்கத்தால் பிரியுங்கள். பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்குங்கள். இது மில்லிகிராமில் தரப்பட்ட கிறியற்றினினுக்கு. மைக்குரோமோலில் தரப்பட்டிருந்தால் முதலில் 88.4ஆல் பிரித்துக்கொள்ள வேண்டும்.

62 வயது, 48 கிலோ, கிறியற்றினின் 1.3 உள்ள ஒரு அம்மாவை எடுப்போம். 140இல் 62 போனால் 78. அதை 48ஆல் பெருக்க 3744. கீழே 72 தர 1.3 என்பது 93.6. பிரித்தால் 40, 0.85ஆல் பெருக்க 34. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்குப் பிரிகபலினின் நாளாந்த உச்சம் 600 மில்லிகிராம். இந்தக் கணக்கு 30க்கும் 60க்கும் இடையில் வந்தால் உச்சம் 300. 15க்கும் 30க்கும் இடையில் 150. கபாபென்ரினுக்கு 30 முதல் 59 வரை நாளொன்றுக்கு 400 தொடக்கம் 1400, 15 முதல் 29 வரை 200 தொடக்கம் 700. எனவே இந்த அம்மாவுக்குப் "பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்த அதே அளவு" இரட்டிப்பு அளவாகிவிடும். உங்கள் விடையைத் துண்டில் எழுதி டொக்டரிடம் நீட்டுங்கள். நீங்களாகக் குளிசையை வெட்டிக் குறைப்பதற்கான கணக்கல்ல இது. இரத்தம் சுத்திகரிப்பவர்களுக்கு அளவும் நேரமும் வேறு. அதைச் சிறுநீரகக் கிளினிக்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு மருந்தும் எங்கே கடிக்கும்

அமிற்றிப்டிலின் மலிவு, பழையது, பலருக்கு நன்றாகக் கேட்கும். பத்து மில்லிகிராமில் தொடங்கி, படுக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் முன் போடுவது வழக்கம். நரம்பு நோவுக்கு 75க்கு மேல் போவது அபூர்வம். வருடக்கணக்கில் போடும்போது வருவது மெல்லிய தொல்லைகள்: வாய் காய்தல், மலச்சிக்கல், நிறை கூடுதல். வாய் காய்வதைச் சின்ன விசயமாக எடுக்க வேண்டாம். எச்சில் இல்லாத வாயில் பல் விரைவாகச் சொத்தையாகும். டொபி சூப்புபவருக்குச் சீனியும் ஏறும், சீனி ஏறினால் நரம்பு இன்னும் கெடும். தண்ணீர் அடிக்கடி ஒரு மிடறு குடியுங்கள், இரவு பல் துலக்காமல் படுக்காதீர்கள். வியர்வையையும் இது குறைக்கும். சிறுபோக அறுவடை வெயிலில் நிற்பவர்களுக்கு உடம்புச் சூடு ஏற இது ஒரு காரணம்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அமிற்றிப்டிலின் எங்கள் கணக்கில் முதல் மருந்தாக இருக்கக் கூடாது. மறதி, மாறாட்டம், சலம் அடைத்தல், எழும்பியவுடன் தலை சுற்றி விழுதல் எல்லாம் இதனால் வரும். விழுவதால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையான ஒருவருக்கு நோ ஆறிலிருந்து நாலுக்கு வந்ததில் என்ன பயன்? வீட்டில் பிறசர் மெசின் இருந்தால் படுத்தபடி ஒருமுறை, எழும்பி நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் சொல்லுங்கள். இதய நோய் உள்ளவர் தொடங்க முன் ஈசிஜி எடுக்க வேண்டும். கண்ணில் நீர் அழுத்தம், புரொஸ்டேற் வீக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும் மருந்து இது. மனம் நொந்திருப்பவர் வீட்டில் இருந்தால் குளிசைகளை இன்னொருவர் வைத்திருந்து அன்றன்றைக்குரியதை எடுத்துக் கொடுப்பது நல்லது. மனநலத்துக்கான 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

பிரிகபலினும் கபாபென்ரினும் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புச் சுகம் வராது, மயக்கம்தான் கூடும். பெட்டியில் உள்ள கடைப்பெயரைப் பார்க்காமல் உள்ளே உள்ள மருந்துப் பெயரை வாசியுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் வெளிப் பாமசியில் இன்னொரு பெயரிலும் ஒரே மருந்தை வாங்கி இரண்டையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். நீண்டகாலத்தில் நிறை கூடும், கால் வீங்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பில் பெருவிரலால் பத்து விநாடி அமத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது வீக்கம். குளிசையால் வந்ததாகவும் இருக்கலாம், இதயமோ சிறுநீரகமோ சோர்ந்ததாலும் இருக்கலாம். மூச்சு வாங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் அன்ரசிட் பாணியைக் கபாபென்ரினோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பாணி குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் போடுங்கள். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் பிரிகபலின் போடுவதாக இருந்தால் கருத்தரிக்க முன்பே டொக்டரிடம் பேச வேண்டும்.

இன்னொரு ஆபத்து மருந்துக்குள் இல்லை, அலுமாரியில் இருக்கிறது. பிரிகபலின் கப்சியூல் நாடு முழுக்கப் போதைக்கு விலைபோகிறது. முற்றத்து மேசையில் வைக்காதீர்கள். எண்ணிப் பூட்டி வையுங்கள். யாராவது "நாலு தாங்கோ, நாரி நோ" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

டுலோக்செற்றின் 30இல் தொடங்கி 60க்குப் போகும். முதல் கிழமை குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் குறையும். மேலே சொன்ன சிறுநீரகக் கணக்கு 30க்குக் கீழே வந்தாலோ, ஈரல் பழுதாக இருந்தாலோ, சாராயம் விடாமல் குடிப்பவராக இருந்தாலோ இது வேண்டாம். டைகுளோபெனக்கோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம்.

கார்பமசெப்பின் முகத்து நரம்பு வெட்டுக்குத்தான் கைகண்ட மருந்து. பாத எரிவுக்கு அதை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ காய்ச்சலோடு வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தத்தில் உப்பையும் இது இறக்கும். வயதானவர் குழம்பிப் பேசினால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை வேலை செய்யாமலும் ஆக்கும்.

டிரமடோலை நரம்பு நோவுக்கு நீண்டகால மருந்தாக வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பழக்கமாகும், வலிப்பைக் கிளப்பும், அமிற்றிப்டிலினோடும் டுலோக்செற்றினோடும் சண்டை பிடிக்கும்.

"நரம்புச் சத்து" என்று எல்லாரும் விரும்பிப் போடும் பி விற்றமின் குளிசைகளையும் பாருங்கள். சிலவற்றில் ஒரே குளிசையில் பி6 மட்டும் 100, 200 மில்லிகிராம் இருக்கும். நாளுக்கு இரண்டு மூன்றாக வருடக்கணக்கில் போட்டால் பி6 தானே நரம்பைக் கெடுத்து விறைப்பைக் கூட்டும். பி12 குறைவு என்று பரிசோதனை காட்டினால் பி12 மட்டும் போதும். சரையில் கட்டித் தரும் பெயர் தெரியாத நோக்குளிசைக் கலவையைத் தொடவே வேண்டாம். ஸ்ரெறொயிட் கலந்திருந்தால் இரண்டு நாளில் நோ பறக்கும், சீனியும் கூடவே பறக்கும்.

இடத்தில் மட்டும் பூசும் மருந்துகளுக்கு நீண்டகாலத் தீமை மிகக் குறைவு. மிளகாய்ச் சத்தில் செய்த கப்சைசின் கிரீமை அக்கி ஆறிய சின்ன இடத்துக்கும் புண்ணில்லாத பாதத்துக்கும் பூசலாம். முதல் ஒன்றிரண்டு கிழமை எரியும். பூசிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறந்து கண்ணைக் கசக்கினால் அன்றைய நாள் போய்விடும்.

எதனோடு சேர்கிறது, எங்கே வாழ்கிறோம்

இந்த மருந்துகளில் பெரும்பாலான உயிராபத்துகள் கூட்டுச் சேர்க்கையில்தான் வருகின்றன. பிரிகபலினோடோ கபாபென்ரினோடோ டிரமடோல், மோர்பின், நித்திரைக் குளிசை, சாராயம், கள்ளு எது சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 டிசம்பரில் இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. ஆஸ்துமா, நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கூடுதல் கவனம். தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு இழுத்து இழுத்து விட்டால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் கிழமையில் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் ஓட வேண்டாம். யானைக் காவலுக்குப் பரணில் ஏறுபவர் இரவுக் குளிசையை எப்போது போடுவதென்று டொக்டரிடம் நேரடியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "இரவில் போடுங்கோ" என்று எழுதுபவர், நீங்கள் இரவில் வீட்டில் படுப்பீர்கள் என்றுதான் நினைத்து எழுதுகிறார். இரவில் சலம் போக எழும்புபவர் கட்டிலில் ஒரு நிமிடம் இருந்து, ரோச் அடித்து, செருப்புப் போட்டு இறங்க வேண்டும். நித்திரை அடர்த்தியாக வரும் மருந்து போடுபவர் தரையில் பாயில் படுக்காமல் நுளம்பு வலை கட்டிய கட்டிலில் படுப்பது நல்லது. எட்டடி விரியன் பாம்பு கடித்தாலும் பெரிதாக நோகாது. மருந்து மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவே வராமல் போகலாம்.

கிளினிக்கில் மூன்று நிமிடம்

வரிசை நீளம், டொக்டருக்கு நேரமில்லை. அதனால் கொப்பியின் கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்து ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "டொக்டர், மூண்டு மாசத்தில நோ எட்டில இருந்து ஆறரைக்குத்தான் வந்திருக்கு. பகலில நித்திரையாக் கிடக்கு. கூட்டுறதோ, மாத்துறதோ, குறைக்கிறதோ?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதே துண்டை எழுத அவருக்கும் கஷ்டமாக இருக்கும். வெளியில் வாங்கும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, காட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது நிறை, நின்றும் படுத்தும் பிறசர், கிறியற்றினின், சீனி வருத்தக்காரருக்கு மூன்று மாதச் சராசரிச் சீனி பார்க்க வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்தவர் கிறியற்றினினை அடிக்கடி பார்க்க வேண்டும். வயிற்றோட்டம், வாந்தி, டெங்குக் காய்ச்சல் வந்து உடம்பு வற்றினால் அந்த நாட்களிலேயே கேளுங்கள். சிறுநீரகக் கணக்கு இரண்டு நாளில் மாறிவிடும். உடம்புக்குள் செல் துண்டு இருப்பவர் எம்ஆர்ஐ எழுதப்பட்டால் இயந்திர அறைக்குள் போக முன்பே அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வருடம் நோ அடங்கி இருந்தால், அளவைக் குறைத்துப் பார்க்க நீங்களே கேட்கலாம். சில நரம்பு நோ காலத்தோடு தானே தணியும், அக்கிக்குப் பின் வருவது அதில் ஒன்று. குறைக்கும்போது நோ திரும்பினால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

நிறுத்தும் விதம்

சடாரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், நித்திரையின்மை, வயிற்றைப் பிரட்டல், சிலருக்கு வலிப்பு. அதை நோ கூடியதாக நினைத்து இன்னும் கூடுதலாகப் போடுவார்கள். பிரிகபலினைக் கிழமைக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்கு மேல் குறைப்பதில்லை. 75 கப்சியூல்தான் கிடைக்குமென்றால், நாளுக்கு 300 போடுபவர் முதல் கிழமை 225, அடுத்த கிழமை 150, பிறகு 75, பிறகு நிறுத்தம். பல வருடம் போட்டவருக்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு கிழமை நிற்பது நல்லது. கபாபென்ரினை நாலு நாளுக்கு 300க்கு மேல் குறைக்க வேண்டாம். அமிற்றிப்டிலினை ஒன்றிரண்டு கிழமைக்குப் பத்துப் பத்தாக. டுலோக்செற்றினை 60இலிருந்து 30க்கு இறக்கி ஆகக் குறைந்தது இரண்டு கிழமை. எந்த இறக்கத்தையும் தொடங்க முன் கிளினிக்கில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோயும் உள்ளவர் இந்த அளவுகளைப் பின்பற்றக் கூடாது, அவருக்குக் கணக்கு வேறு.

விரும்பாமலே நிறுத்த வேண்டி வருவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மறிபடும், பஸ் ஓடாது, கிளினிக் நாள் தவறும், அல்லது ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்திருக்கும். கார்த்திகை பிறக்க முன் பத்து நாளுக்கான மேலதிகக் குளிசை கேட்டு வாங்கித் தண்ணீர் படாத போத்தலில் போட்டு வையுங்கள். அடுத்த கிளினிக்கில் பழையதை முதலில் எடுத்து, புதியதை அந்த இடத்தில் வையுங்கள். கையில் ஏழு நாள் மருந்துதான் இருக்கிறது, கிளினிக்குக்கு இன்னும் இரண்டு கிழமை என்றால், தீரும்வரை முழு அளவைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். அன்றைக்கே கிட்டவுள்ள ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் கொப்பியைக் காட்டி, இடைக்காலத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.